சூடான சாம்பாருக்குத் தூக்குவாளி எடுத்துச் செல்லுங்கள்

பார்சல் வாங்கி வந்த சாம்பார்ப் பொட்டலத்தின் நூலைப் பிரிக்கும் முன் பையைத் தொட்டுப் பாருங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றியதில் பை துவண்டு, குழந்தையின் கன்னம்போல் மெத்தென்று இருக்கும். சூடும் எண்ணெயும் புளிப்பும் சேர்ந்தால் பிளாஸ்டிக்கில் கலந்துள்ள வேதிப்பொருள்கள் உணவில் கசிவது எளிதாகிறது.

அவற்றில் அதிகம் ஆராயப்பட்டவை பிஸ்பீனால் ஏ, தாலேட்டுகள். இவை நம் ஹார்மோன்களின் வேலையில் குறுக்கிடுபவை. சிறுநீரில் பிஸ்பீனால் ஏ அதிகம் இருந்தவர்களிடம் சர்க்கரை நோயும் அதிகம் காணப்பட்டதாக 2008-இல் அமெரிக்கர்களின் தரவுகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு சொன்னது. அதுதான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபித்துவிடவில்லை. ஆனாலும் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் பிஸ்பீனால் ஏ உடலில் சேரலாம் என்ற அன்றாட வரம்பை ஏறத்தாழ 20,000 மடங்கு குறைத்தது. எனக்கு அது போதும்.

நல்ல செய்தியும் உண்டு. பிஸ்பீனால் ஏ உடலில் நெடுநாள் தங்குவதில்லை. சான் பிரான்சிஸ்கோ பகுதியில் 5 குடும்பங்கள் டப்பா உணவை விட்டு, பிளாஸ்டிக் படாத புதிய உணவை 3 நாள் உண்டதும் சிறுநீரில் அதன் அளவு பாதிக்கும் கீழே இறங்கியது.

முதல் படி: அலமாரியிலுள்ள டப்பாக்களைக் கவிழ்த்து, அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 3 என்றால் பிவிசி என்ற பிளாஸ்டிக், அதில் தாலேட் இருக்கலாம். 7 பலவகைக் கலவை. கண்ணாடிபோல் கெட்டியாக இருந்தால், பிஸ்பீனால் ஏ கொண்டு செய்யப்படும் பாலிகார்பனேட்டாக இருக்கலாம். இரண்டையும் உணவிலிருந்து விலக்குங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் தூக்கிப்போட வேண்டாம். பருப்பு, மிளகாய் போன்ற உலர்ந்த பொருள்களுக்கு மற்ற டப்பாக்கள் இருக்கட்டும்.

இரண்டாவது படிதான் முக்கியமானது: சூடு பிளாஸ்டிக்கைத் தொடக்கூடாது. பார்சலுக்கு எவர்சில்வர் தூக்குவாளி. மைக்ரோவேவுக்குக் கண்ணாடி அல்லது பீங்கான். ஊறுகாய்க்குப் பழைய ஜாடி. ‘பிஸ்பீனால் ஏ இல்லாதது’ என்ற முத்திரையை நம்பி விலை கொடுக்காதீர்கள். சிலவற்றில் அதன் உறவுக்காரனான பிஸ்பீனால் எஸ் இருக்கக்கூடும்.

மூன்றாவது: தண்ணீர் கேனை வெயிலில் வைக்காதீர்கள்.

கடைசியாக, கடை ரசீது. நகத்தால் கீறுங்கள். கறுப்புக் கோடு விழுந்தால் அது வெப்பத்தாள், அதாவது மையில்லாமல் சூட்டால் அச்சாகும் தாள். அதன் பூச்சில் பிஸ்பீனால் இருக்கக்கூடும். குழந்தை கையில் கொடுக்காமல், தேவையில்லையென்றால் கடையிலேயே விட்டுவிட்டு, வீட்டுக்கு வந்ததும் கை கழுவுங்கள்.