மரபணு மாற்றிய சோயாவை அகச்சிவப்பில் அடையாளம் காண்பது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

களைக்கொல்லியைத் தாங்கும் ரவுண்டப் ரெடி சோயாவையும் சாதாரண சோயாவையும் அண்மை அகச்சிவப்புக் கருவியில் பிரித்தறிய முயலும் புதியவர்கள் வழக்கமாகச் சில இடங்களில்தான் சறுக்குகிறார்கள். விளக்கு சூடாகுமுன் ஸ்கேன் எடுப்பது, விதையை நிரப்பும் செல்லின் கண்ணாடியைத் துடைக்காமல் விடுவது எல்லாம் சில நாளில் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடலாம்.

மரபணுவே தெரிகிறது என்று நம்புவது

தெரியாது. ரவுண்டப் ரெடி விதையில் கூடுதலாக இருக்கும், களைக்கொல்லியைத் தாங்கவைக்கும் சிபி4 இபிஎஸ்பிஎஸ் புரதம், விதை எடையில் சுமார் 0.03% தான். முழு மணியை அளக்கும் கருவியில் அது சிக்காது. சிக்குவது நீர், எண்ணெய், மொத்தப் புரதம், நார், விதைத்தோல் ஒளியைச் சிதறடிக்கும் விதம் ஆகியவையே. நிறமாலையை வைத்து வகையைச் சொல்லும் கணக்கு மாடல் பிடிப்பது இவற்றில் தெரியும் மறைமுக வேறுபாட்டை.

மாதிரிகளைக் குலுக்கிப் பிரிப்பது

பார்க்கப் பார்க்க எரிச்சலூட்டும் தவறு இது. மரபணு மாற்றிய விதை ஒரு பண்ணையிலிருந்து வரும், சாதாரண விதை வேறொன்றிலிருந்து. ஒவ்வொரு மாதிரியையும் ஐந்து முறை ஸ்கேன் செய்து, எல்லாவற்றையும் ஒன்றாகக் குலுக்கி, பயிற்சிக்கு 70, சோதனைக்கு 30 எனப் பிரிப்பார்கள். திரையில் 99% வந்ததும் ஒரே குஷி. அடுத்த ஆண்டு அறுவடையை வைத்தால் அதே மாடல் காசு சுண்டுவதற்குச் சமமாகிவிடும்.

காரணம் இரண்டு. ஒரே மாதிரியின் ஸ்கேன்கள் பயிற்சியிலும் சோதனையிலும் இருப்பதால், மாடல் ஏற்கெனவே பார்த்ததையே மறுபடி அடையாளம் காட்டுகிறது. ஒரு பண்ணை விதையில் ஈரம் 11%, மற்றதில் 13% என்றால், அது கற்றதும் ஈரத்தைத்தான். இரு வகைகளின் சராசரி நிறமாலையையும் கழித்துப் பாருங்கள். நீர் ஒளியை உறிஞ்சும் 970 நானோமீட்டர் அருகிலோ, நீண்ட அலைக் கருவியில் 1450, 1940 அருகிலோ மேடு எழுந்தால், நீங்கள் செய்துவைத்திருப்பது ஈரப்பதமானி. கடையில் அது இதைவிட மலிவு!

ஒரே தாய் ரகத்திலிருந்து வந்த, ஒன்று மரபணு மாற்றியதும் ஒன்று சாதாரணமானதுமான ஜோடிகளை ஒரே வயலில், ஒரே பருவத்தில் விதையுங்கள். ஜோடிகள் பல வேண்டும்; இடங்களும் ஆண்டுகளும் ஒன்றுக்கு மேல் வேண்டும். செல்லைக் காலி செய்து மீண்டும் நிரப்பி எடுத்த ஸ்கேன்களைச் சராசரியாக்கி, மாதிரிக்கு ஒரு நிறமாலை மட்டும் வையுங்கள். சோதனைக்கு ஒரு ரகத்தை முழுதாக ஒதுக்குங்கள். பிறகு ஓர் ஆண்டை முழுதாக ஒதுக்கிப் பாருங்கள். பண்ணையும் வகையும் பின்னிக் கிடந்தால் வகைக்கெழு, எஸ்என்வி போன்ற நிறமாலைத் திருத்தக் கணக்குகள் எதுவும் காப்பாற்றாது.

சின்னத் தொகுப்பு, எளிய மாடல்

சில மாதிரிகளும் ஓர் எளிய மாடலும் போதும் என்று நினைக்காதீர்கள். 2001-இல் வெளிவந்த அயோவா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வில் சுமார் 8,000 மாதிரிகள் இருந்தும், எளிய நேர்கோட்டு மாடலான பிஎல்எஸ் 78% தான் சரியாகச் சொன்னது. ஒத்த மாதிரிகளை மட்டும் தேடியெடுத்துக் கணக்கிடும் உள்ளூர் ரிக்ரெஷன் 93% எட்டியது.

குளிர்ந்த தானியம்

நீர் ஒளியை உறிஞ்சும் பட்டை வெப்பநிலையோடு நகரும். அளக்குமுன் தானியம் மூடிய பையில் ஓரிரவு ஆய்வக வெப்பத்திலேயே இருக்கட்டும்.

கலப்பைத் தேடுவது

மரபணு மாற்றியது கலந்திருப்பதை லேபிளில் சொல்ல வேண்டிய ஐரோப்பிய ஒன்றிய வரம்பு 0.9%. தனி லாட்களில் பழகிய மாடல் அந்தக் கலப்பைக் காணாது. இறக்கும் இடத்தில் லாரிகளைத் தரம்பிரிக்க மட்டும் பயன்படுத்துங்கள். சந்தேகமான லாட் மரபணுவையே தேடும் பிசிஆர் சோதனைக்குப் போகட்டும்.