ஃபியூசிலியர் மீன்களை அடையாளம் காண்பது எப்படி? வாலிலிருந்து தொடங்குங்கள்

மாலத்தீவில் ஸ்நார்க்கெல் மாட்டிக்கொண்டு பவளப்பாறையின் விளிம்பு வரை நீந்திப் போனவர்கள் இந்த மீனைக் கண்டிப்பாகப் பார்த்திருப்பார்கள். நீலமும் மஞ்சளுமாக நூற்றுக்கணக்கில் ஒரே திசையில் ஓடும். ஒரு நிமிடம் நம்மைச் சுற்றி முழுக்க மீனாக இருக்கும், அடுத்த நிமிடம் ஒன்றுகூட இருக்காது. ஃபியூசிலியர் என்று பெயர். செங்கடலிலிருந்து பசிபிக் தீவுகள் வரை வெப்பமண்டலப் பவளப்பாறைகள் உள்ள இடமெல்லாம் சுமார் 20-க்கு மேற்பட்ட இனங்கள் வாழ்கின்றன. அட்லாண்டிக்கின் பவளப்பாறைகளில் இவை கிடையாது.

"எல்லாம் ஒரே நீல மீன்தானே" என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். நானும் முதலில் நிறத்தை மட்டும் பார்த்துப் பெயர் சொல்ல முயன்று பல நாள் குழம்பினேன். வாலைப் பார்க்கப் பழகிய பிறகுதான் வழி தெரிந்தது. அந்த வரிசையில்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

படி 1: சரியான இடத்தில் காத்திருங்கள்

ஆழம் குறைந்த உள்பகுதியில் இவற்றைத் தேட வேண்டாம். பாறை முடிந்து நீர் சட்டென்று கருநீலமாக மாறும் விளிம்புக்குப் போங்கள். திறந்த கடலிலிருந்து நீரோட்டம் அங்கேதான் வந்து மோதும், மிதவை உயிரிகளையும் அள்ளிக்கொண்டு வரும். ஃபியூசிலியருக்கு அதுதான் சாப்பாடு. தனியாகப் போகாதீர்கள், நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள். இறங்கியபின் துரத்தாமல் அசையாமல் மிதந்தால் போதும், கூட்டம் தானாகப் பக்கத்தில் வரும்.

படி 2: இது ஃபியூசிலியர்தானா?

மாலத்தீவில் இதோடு அதிகம் குழப்பிக்கொள்ளும் மீன், சிவப்புப் பல் டிரிகர் மீன். அதுவும் கருநீலம், அதுவும் பெருங்கூட்டம், அதற்கும் பிறை வடிவ வால். நீந்தும் விதத்தைப் பாருங்கள். டிரிகர் மீன் முதுகுத் துடுப்பையும் அடித் துடுப்பையும் அசைத்து, துணி படபடப்பது போலப் போகும். ஃபியூசிலியர் வாலை அடித்து நேராகப் பாயும்.

அடுத்து உடம்பு. நெசவுத் தறியின் நாடா போல நடுவில் பருத்து இரு பக்கமும் கூராக இருக்கும். வால் ஆழமாகப் பிளந்த கவை. வாய் மிகச் சிறியது. இந்த மூன்றும் இருந்தால் ஏறக்குறைய உறுதி.

அந்த வாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. மேல்தாடையில் முன்னும் பின்னும் வழுக்கி ஓடும் ஒரு சிறு எலும்பு உண்டு. பெரும்பாலான மற்ற மீன்களில் அது தாடையோடு ஒட்டியிருக்கும். இவற்றில் தனி எலும்பாகவே இருக்கிறது. அதனால் வாயைக் குழாய் போல முன்னால் நீட்டி, மிதந்து வரும் இரையை ஒவ்வொன்றாகக் குறிபார்த்து உறிஞ்ச முடிகிறது. கூட்டம் ஒரே இடத்தில் நின்று தலையை வெடுக் வெடுக்கென்று முன்னால் நீட்டுவதைக் கண்டால், அது சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

படி 3: உறவு முறையைத் தெரிந்துகொள்ளுங்கள்

நம் கடற்கரையில் செப்பிலி என்று சொல்லும் ஸ்னாப்பர் வகைதான் இவற்றின் மிக நெருங்கிய சொந்தம். செப்பிலிக்குப் பெரிய வாய், கோரைப்பல், தரையோரத்தில் நண்டும் சிறு மீனும் வேட்டை. அதே வம்சத்தில் ஒரு கிளை தரையை விட்டு நடுநீருக்கு வந்து, மிதக்கும் நுண்ணிரையைத் தின்னத் தொடங்கியது. உடம்பு ஒல்லியானது, வால் பிளந்தது, வாய் சுருங்கியது. அதுதான் ஃபியூசிலியர்.

நெடுங்காலம் இவற்றை சீசியோனிடே என்ற தனிக் குடும்பமாகவே வைத்திருந்தார்கள். மரபணு ஒப்பீடு வந்தபிறகு, இவை ஸ்னாப்பர் குடும்பத்துக்கு உள்ளேயே அடங்குகின்றன என்று தெரிந்தது. அதனால் சில நூல்களில் தனிக் குடும்பமாகவும், சிலவற்றில் ஸ்னாப்பரின் உட்குடும்பமாகவும் பார்ப்பீர்கள். எதைப் பின்பற்றினாலும் தவறில்லை.

மீன் ஆய்வாளர் கென்ட் கார்பென்டர் 1988-ல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்புக்காக எழுதிய பட்டியல் இவற்றை நான்கு பேரினங்களாகப் பிரித்தது. நமக்கு இரண்டு போதும்: சீசியோ, டெரோசீசியோ. முதலாவது பெரும்பாலும் சற்று அகன்ற உடம்பு. இரண்டாவது ஒல்லி, நீளம். மற்ற இரண்டிலும் ஆளுக்கு ஒரு சிறிய இனம்தான், தொடக்கத்தில் கவலைப்பட வேண்டாம்.

படி 4: வாலைப் படியுங்கள்

இதுதான் முக்கியமான படி. கவையின் இரு கிளைகளையும் பார்த்து இந்த மூன்றில் எது என்று கேளுங்கள்.

நுனி மட்டும் கறுப்பா? உடம்பில் கோடே இல்லாமல் முழுக்க நீலமாக இருந்தால் அது லூனார் ஃபியூசிலியர், அதாவது சீசியோ லூனாரிஸ். உடம்பில் மெல்லிய மஞ்சள் கோடுகள் பல ஓடினால் சீசியோ வாரிலினியேட்டா. ஒல்லி உடம்பில் அகலமான ஒரே மஞ்சள் பட்டை என்றால் டெரோசீசியோ கிரைசோசோனாவாக இருக்கலாம்.

ஒவ்வொரு கிளையின் நடுவிலும் நீளவாக்கில் கறுப்புக் கோடா, கத்தரிக்கோல் விரித்தது போல? அப்படியானால் இரண்டு பேர். ஒன்று சீசியோ கேருலோரியா: நீல உடம்பில் பொன்னிறக் கோடு ஒன்று. மற்றது டெரோசீசியோ டைல், நியான் ஃபியூசிலியர்: முதுகுச் செதில்களுக்குக் கரிய விளிம்பு, பக்கத்தில் மின்னும் நீலப் பட்டை, வயிறு இளஞ்சிவப்பு.

வால் முழுக்க மஞ்சளா? அடுத்து முதுகைப் பாருங்கள். மஞ்சள் தலை வரைக்கும் ஏறியிருந்தால் சீசியோ சாந்தோனோட்டா. பின்பாதியோடு சாய்வாக நின்றுவிட்டால் சீசியோ டெரஸ். இந்த இரண்டையும் பிரிக்க இதைவிட எளிய வழி இல்லை. ஒரு எச்சரிக்கை மட்டும்: லூனார் ஃபியூசிலியரின் குஞ்சுகளுக்கும் வால் மஞ்சளாக இருக்கும். அவற்றுக்கு முதுகில் மஞ்சள் கிடையாது.

படி 5: கோடு எங்கே ஓடுகிறது?

மீனின் விலாவில் செவுளிலிருந்து வால் வரை பக்கக்கோடு என்ற உணர்வு வரிசை ஓடும். மஞ்சள் பட்டை அதற்கு மேலா கீழா என்று பாருங்கள். கேருலோரியாவில் மேலே, கிரைசோசோனாவில் பெரும்பகுதி கீழே. நீருக்குள் இதைப் பிடிப்பது கடினம். படம் எடுத்துக் கரைக்கு வந்து பெரிதாக்கிப் பாருங்கள். பக்கவாட்டில், வால் முழுதும் தெரிய எடுத்த ஒரு படம், முன்னால் இருந்து எடுத்த பத்துப் படங்களைவிட உதவும்.

ஒரு கூட்டத்தில் இரண்டு மூன்று இனம் கலந்து ஓடுவது சாதாரணம். ஒரு மீனுக்குப் பெயர் வைத்ததும் கூட்டத்துக்கே அதை எழுதிவிடாதீர்கள்.

படி 6: பெயர் கிடைத்ததும் அந்த மீன் என்ன செய்கிறது என்று பாருங்கள்

மற்ற மீன்களின் உடம்பைச் சுத்தம் செய்யும் ராஸ் என்ற சிறு மீனின் இடத்தில் சில ஃபியூசிலியர்கள் நின்று, வரிசையில் காத்திருப்பது போல அசையாமல் மிதக்கும். பாரை (ட்ரெவல்லி) என்ற வேட்டை மீன் வந்துவிட்டால் கூட்டம் ஒரே உடம்பாகச் சுருங்கி, அடுத்த கணம் இரண்டாகப் பிளக்கும்.

எச்சத்தையும் கவனியுங்கள். திறந்த கடலின் உணவைத் தின்று பாறையின் மேல் கழிக்கும் மீன் இது. மற்ற மீன்கள் அந்த எச்சத்தைப் பாய்ந்து தின்பதைப் பசிபிக்கில் பலாவ் தீவுகளில் ஆய்ந்து 1982-ல் எழுதியிருக்கிறார்கள். கடலின் சத்து பாறைக்குள் வந்து சேரும் வழிகளில் இதுவும் ஒன்று.

முட்டையிடும் காலத்தில் சீசியோ டெரஸ் பௌர்ணமியை ஒட்டி, ஆழமான கால்வாய்களின் வாயில் பெருங்கூட்டமாகக் கூடும். வற்றம் தொடங்கி நீர் வெளியே ஓட ஆரம்பித்ததும் மேற்பரப்புக்கு ஏறி முட்டையை விடும். முட்டைகள் மிதந்து கடலுக்குள் போய்விடுகின்றன.

சரி, நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் சமையலில் போடும் மாசிக் கருவாடு, மாலத்தீவில் தூண்டில் கழியால் பிடிக்கும் சூரையிலிருந்தும் வருவது. அந்தச் சூரையைப் படகுப் பக்கம் இழுக்க உயிருள்ள சிறு மீன்களைக் கடலில் வீசுவார்கள். அவற்றில் ஃபியூசிலியர் குஞ்சுகளும் உண்டு. மாலத்தீவின் திவேஹி மொழியில் ஃபியூசிலியரை முகுரான் என்பார்கள்.

படி 7: பொழுது சாயும்போது மறுபடி போங்கள்

பகல் முழுக்க நடுநீரில் இருந்த கூட்டம் அந்தியில் பாறையை நோக்கி இறங்கும். ஓட்டம் குறையும், கூட்டம் சிறு சிறு குழுக்களாகக் கலையும். அப்புறம் ஒவ்வொன்றும் ஒரு பொந்து, ஒரு இடுக்கு என்று தேடி நுழையும். வழிகாட்டியோடு இரவில் டார்ச் கொண்டு இறங்கினால், காலையில் நீலமாகப் பார்த்த அதே மீன் சிவந்துபோய்ப் பவளத்துக்குள் ஒண்டியிருக்கும். நீருக்குள் சிவப்பு ஒளி முதலில் மங்கிவிடுவதால், அந்த நிறம் இருட்டோடு இருட்டாகப் போய்விடுகிறது. வெளிச்சத்தை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் காட்டி, வாலை மட்டும் பாருங்கள். உடம்பு சிவந்தாலும் வாலின் கறுப்புக் குறி பல நேரம் தெரியும், பகலில் வைத்த பெயரை அங்கே சரிபார்த்துக்கொள்ளலாம்.