பேட்டரி சென்சாரை லோராவான் நெட்வொர்க்கில் பத்திரமாகச் சேர்ப்பது எப்படி?

மொட்டைமாடித் தொட்டியின் நீர்மட்டத்தை 15 நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பும் சென்சார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆர்ஏகே3172 ரேடியோ மாட்யூல், 3.6 வோல்ட் லித்தியம் செல், சென்சாரின் ரேடியோ செய்தியை வாங்கி சர்வருக்குத் தள்ள கூரையில் 8 சேனல் கேட்வே, ஒரு சின்ன லினக்ஸ் பெட்டியில் நெட்வொர்க்கை நடத்தும் சிர்ப்ஸ்டாக் சர்வர். லோராவான் என்பது குறைந்த மின்சாரத்தில் தொலைதூரம் பேசும் ரேடியோ நெட்வொர்க் முறை. அதில் 128 பிட் ஏஇஎஸ் குறியாக்கம் உள்ளேயே இருக்கிறது. அதை உடைத்துக்கொண்டு யாரும் வரப்போவதில்லை. சாவியை எங்கே வைக்கிறோம், பேட்டரி மாற்றினால் பாக்கெட்டுகளை எண்ணும் கவுன்ட்டர் என்ன ஆகிறது என்ற இரண்டு இடங்களில்தான் முக்கியமாக ஓட்டை விழும்.

முதலில் அலைவரிசை. இந்தியாவில் ஐஎன்865 பேண்ட். 865.0625, 865.4025, 865.985 மெகாஹெர்ட்ஸ் என மூன்று சேனல்கள் எப்போதும் இருக்க வேண்டும். ஐரோப்பிய 868 பேண்டுக்கு அமைத்த ஃபர்ம்வேரோடு மாட்யூல் வந்திருந்தால், கேட்வே கேட்காத இடத்தில் அது கத்திக்கொண்டே இருக்கும். மாட்யூலை அமைக்கத் தரும் ஆர்ஏகே ஏடி கட்டளைகளில் பேண்ட் மதிப்பு 3 என்றால் ஐஎன்865. அதை முடித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள்.

இணைக்கும் முறை ஓடிஏஏ-வாகவே (ஒவ்வொரு ஜாயினிலும், அதாவது சேரும்போதும், புது செஷன் சாவி உருவாகும் முறை) இருக்கட்டும். அதற்கான ஏடி கட்டளை என்ஜேஎம், மதிப்பு 1. சாவிகளை முன்பே எழுதிவைக்கும் ஏபிபி முறை சுலபம்போலத் தெரியும். ஆனால் அதில் செஷன் சாவிகள் மாறுவதே இல்லை. பேட்டரியைக் கழற்றி மாட்டியதும் ஃப்ரேம் கவுன்ட்டர் பூஜ்யத்துக்குப் போனால், அதே சாவியும் அதே எண்ணும் மறுபடி சேர்ந்து, தரவை மறைக்கும் அதே பிட் வரிசையை (சாவியோட்டம்) தரும். அப்படிப்பட்ட இரண்டு பாக்கெட்டுகளை எக்ஸார் செய்தால் குறியாக்கம் கழன்றுவிடும். பழைய எண் வருவதால் சர்வர் பாக்கெட்டைத் தள்ளிவிடும். உடனே பலர் சர்வரில் கவுன்ட்டர் சோதனையை நிறுத்தும் பெட்டியை டிக் செய்வார்கள். அதன்பின் நேற்றைய 'தொட்டி நிரம்பியது' பாக்கெட்டை யார் பதிவுசெய்து இன்று ஒலிபரப்பினாலும் சர்வர் நம்பும்.

ஓடிஏஏ-வுக்கு மூன்று மதிப்புகள் வேண்டும். கருவியின் அடையாள எண்ணான டெவ்இயூஐ மாட்யூலின் லேபிளில் இருக்கும். ஜாயினைக் கையாளும் சர்வரின் அடையாள எண்ணான ஜாயின்இயூஐ, சொந்த சர்வரானால் எல்லாம் பூஜ்யமாக இருந்தாலும் ஓடும். இரு பக்கமும் ஒன்றாக இருந்தால் போதும். மூலச் சாவியான ஆப்கீ-தான் ரகசியம். ஓபன்எஸ்எஸ்எல்லின் ராண்ட் கட்டளையில் ஹெக்ஸ் வடிவம், 16 பைட் என்று கொடுத்தால் 32 எழுத்து வரும். கருவிக்கு ஒன்று, தனித்தனியாக உருவாக்குங்கள். டெவ்இயூஐ-யிலிருந்து கணக்குப்போட்டு ஆப்கீ செய்யாதீர்கள்: ஜாயின் கோரிக்கையின் 23 பைட்டுகளில் டெவ்இயூஐ குறியாக்கம் இல்லாமல் திறந்தே போகிறது.

எல்எம்ஐசி என்ற லோராவான் நிரல் நூலகத்தில் எழுதுபவர்களை அதிகம் அலைக்கழிப்பது பைட் வரிசை. சர்வரில் 01 02 03 04 05 06 07 08 என்று இருந்தால் கோடில் 08 07 06 05 04 03 02 01 என்று எழுத வேண்டும். இரண்டு இயூஐ-களுக்கும் இப்படித் தலைகீழ். ஆப்கீ மட்டும் நேர்வரிசை. கேட்வேயின் ஃப்ரேம் பட்டியலில் டெவ்இயூஐ திருப்பிப்போட்டபடி தெரிந்தால் பிழை இதுதான். எம்ஐசி (செய்தியைச் சரிபார்க்கும் குறி) தவறு என்று வந்தால் ஆப்கீ பொருந்தவில்லை. சர்வர் ஏற்புச் செய்தி அனுப்பியும் கருவி திரும்பத் திரும்பக் கேட்டால், பதிலுக்குக் காதைத் திறந்து வைக்கும் சிறு நேரத்தை (ரிசீவ் விண்டோ) கருவி தவறவிடுகிறது. ஜாயின் பதில் சரியாக 5-ஆவது விநாடியிலும், தவறினால் 6-ஆவது விநாடியிலும் வரும். நேரத்தை அளக்கும் மலிவு ஆஸிலேட்டர் கொஞ்சம் பிசகினாலும் விண்டோ நழுவும். எல்எம்ஐசியில் கடிகாரப் பிழை அளவை 1 சதவீதமாக வைத்துப் பாருங்கள்.

அடுத்தது டெவ்நான்ஸ். லோராவான் 1.0.4-இல் இது ஒவ்வொரு ஜாயினுக்கும் ஒன்று கூடும் 16 பிட் எண். ஃப்ளாஷில் சேமிக்காத ஃபர்ம்வேர், பேட்டரி மாற்றியதும் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஏற்கெனவே பயன்படுத்திய எண் என்று சர்வர் மறுக்கும், கருவி விடாமல் கேட்கும், செல் தீர்ந்துபோகும். சர்வரில் நான்ஸ் பட்டியலை அழிக்கும் பொத்தான் முதலுதவிதான். மருந்து ஃபர்ம்வேரில் இருக்கிறது. மறுமுயற்சிகளுக்கு இடைவெளியைப் படிப்படியாகக் கூட்டுங்கள், கூடவே கொஞ்சம் ரேண்டமும் சேருங்கள். ஜாயின் கோரிக்கை எஸ்எஃப்7-இல் (எஸ்எஃப் எண் கூடினால் எட்டும் தூரம் கூடும், வேகம் குறையும்) சுமார் 62 மில்லிவிநாடி, எஸ்எஃப்12-இல் சுமார் 1.48 விநாடி காற்றில் இருக்கும். ஒரே செய்திக்கு 24 மடங்கு நேரம் ரேடியோ மின்சாரம் குடிக்கிறது.

ஆப்கீ சிப்பின் ஃப்ளாஷில் கிடக்கிறது. மாட்யூலில் இருக்கும் எஸ்டிஎம்32டபிள்யூஎல் சிப்பில் ரீட்அவுட் ப்ரொடெக்ஷன் (ஃப்ளாஷை வெளியிலிருந்து படிக்கவிடாத பூட்டு) நிலை 0-இல் இருந்தால், எஸ்டி-லிங்க் என்ற டீபக் கருவியை மாட்டி எவரும் படித்துவிடலாம். வெளியில் பொருத்துமுன் நிலை 1-க்கு மாற்றுங்கள். பிறகு 0-க்குத் திருப்பினால் ஃப்ளாஷ் முழுக்க அழியும். நிலை 2-க்குப் போனால் திரும்பி வர வழியே இல்லை, சோதனைப் பலகையில் அதைத் தொடாதீர்கள்.

கேட்வே பக்கம்: பாக்கெட்டுகளை சர்வருக்கு அனுப்பும் பழைய மென்பொருளான யூடிபி பாக்கெட் ஃபார்வர்டர் 1700 போர்ட்டில் குறியாக்கமும் அடையாளச் சோதனையும் இல்லாமல் பேசுகிறது. சென்சார் தரவு உள்ளே மூடியே இருந்தாலும், வேறொருவர் உங்கள் கேட்வேபோல நடிக்க முடியும். அதற்குப் பதிலான பேசிக்ஸ் ஸ்டேஷன் மென்பொருளுக்கு டிஎல்எஸ் சான்றிதழோடு மாறுங்கள், அல்லது வயர்கார்ட் விபிஎன் சுரங்கம் போடுங்கள். கடிகாரத்துக்கான ஆர்டிசி பேட்டரி இல்லாத கேட்வே மின்வெட்டுக்குப் பின் தவறான தேதியோடு எழுந்தால், சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று இணைப்பு மறுக்கப்படும். இணையத்தில் நேரத்தைச் சரிசெய்யும் என்டிபி முதலில் ஓட வேண்டும்.

சிர்ப்ஸ்டாக்கில் அட்மின்/அட்மின் கடவுச்சொல்லை அன்றே மாற்றுங்கள். அதன் கான்ஃபிக் கோப்பில் ரகசியச் சரத்தின் இடத்தில் 'இதை நீங்கள் மாற்றியே ஆக வேண்டும்' என்று ஆங்கிலத்தில் எழுதியே வைத்திருக்கிறார்கள். அப்படியும் அதை மாற்றாமல் ஓட்டுபவர்கள் உண்டு. சர்வரிலிருந்து எம்க்யூடிடி என்ற செய்தி நெறிமுறை வழியாக வெளிவரும் தரவு குறியாக்கம் நீக்கப்பட்ட வடிவில் இருக்கும். ஆகவே 1883 போர்ட்டை வெளியே திறக்காமல், பயனர்பெயரோடும் டிஎல்எஸ்ஸோடும் 8883-இல் கொடுங்கள்.

கடைசியாகக் கூரைக்கு ஏற்றுமுன் மூன்று முறை செல்லைக் கழற்றி மாட்டுங்கள். மூன்று முறையும் தானாக ஜாயின் ஆகி, சர்வரில் டெவ்நான்ஸ் ஒவ்வொன்றாகக் கூடியிருந்தால் மூடியை மூடி ஸ்க்ரூ போடலாம்.