டார்கெட்டை மட்டும் பார்க்கும் வங்கிகள் செய்யும் தவறுகள்

வங்கியின் எண்கள் ஏறினால் ஊழியர்கள் நன்றாக வேலை செய்கிறார்கள் என்று முடிவு கட்டிவிடுகிறோம். எல்லாவற்றுக்கும் முதல் தவறு இதுதான். அந்த எண் எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியைப் பாருங்கள். ஒரே வாடிக்கையாளருக்குச் சேமிப்புக் கணக்கு, டெபிட் கார்டு, கிரெடிட் கார்டு, கடன் என்று அடுக்கடுக்காக விற்பதுதான் அதன் பெருமையாக இருந்தது. ஒரு வீட்டுக்கு இப்படி எட்டு விற்க வேண்டும் என்பது இலக்கு. கிளை ஊழியர்களின் தலைமேல் எப்போதும் டார்கெட் தொங்கியது. அதை எட்டாவிட்டால் வேலை போய்விடுமோ என்ற பயம் வேறு. அப்புறம் என்ன நடக்கும்? வாடிக்கையாளருக்கே தெரியாமல் அவர் பெயரில் கணக்கு திறந்தார்கள். போலி மின்னஞ்சல் முகவரி கொடுத்தார்கள். இருக்கிற கணக்கிலிருந்து பணத்தைக் கொஞ்ச நேரம் புதுக் கணக்குக்கு மாற்றிக் காட்டினார்கள்.

2016 செப்டம்பரில் விஷயம் வெடித்து 18.5 கோடி டாலர் அபராதம் விழுந்தது. என்னை உலுக்கியது இன்னொரு எண். அப்போது கண்டுபிடிக்கப்பட்ட சுமார் 20 லட்சம் கணக்குகளும் கார்டு விண்ணப்பங்களும் வங்கிக்குக் கட்டணமாகக் கொண்டுவந்தது ஏறத்தாழ 24 லட்சம் டாலர்தான். அதாவது அந்தப் பொய்யால் பெரிய லாபம்கூட வரவில்லை. முதலீட்டாளர்களிடம் காட்ட ஓர் அழகான எண் கிடைத்தது, அவ்வளவுதான். அதற்கு விலையாக வங்கியின் சொத்து வளரக் கூடாது என்று 2018-இல் விழுந்த தடை 2025 வரை நீங்கவில்லை. 2020-இல் வழக்குகளை முடிக்க மேலும் 300 கோடி டாலர் கட்டினார்கள்.

இரண்டாவது தவறு, பழியைக் கீழே தள்ளுவது. அங்கே சில ஆண்டுகளில் சுமார் 5,300 பேரை நீக்கினார்கள். பத்துப் பேர் தப்பு செய்தால் அது அவர்களின் குணம் எனலாம். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே தப்பைச் செய்தால் குறை டார்கெட்டில்தான் இருக்கிறது, அதைப் போட்டவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

இதைவிடக் கொடியது, தப்பைச் சொன்னவரைத் தண்டிப்பது. மோசடி நடப்பதாகப் புகார் சொன்னபின் 2010-இல் வேலையிழந்த ஒரு மேலாளரைத் திரும்பச் சேர்த்து, 54 லட்சம் டாலர் கொடுக்கும்படி 2017-இல் அமெரிக்கத் தொழிலாளர் துறை அந்த வங்கிக்கு உத்தரவிட்டது. அவர் சொன்னபோதே காது கொடுத்திருந்தால் எத்தனை பேரின் வேலை தப்பியிருக்கும்!

லாபம் காட்டும் ஊழியரைக் கேள்வி கேட்காமல் விடுவதும் தவறுதான். 1995-இல் பிரிட்டனின் பேரிங்ஸ் வங்கி அப்படித்தான் விழுந்தது. சிங்கப்பூரில் நிக் லீசன் என்ற ஒருவரே வர்த்தகமும் செய்தார், அதன் கணக்கையும் சரிபார்த்தார். 80 கோடி பவுண்டுக்கு மேல் நஷ்டம். வங்கி ஒரு பவுண்டுக்கு விற்கப்பட்டது. முக்கியப் பொறுப்பில் இருப்பவர்களை ஆண்டுக்கு ஒருமுறை, முன்கூட்டிச் சொல்லாமல், தொடர்ந்து 10 வேலை நாட்களாவது விடுப்பில் அனுப்ப வேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கி சொல்வதும் இதனால்தான். சீட்டில் வேறொருவர் உட்கார்ந்தால் மறைத்தது வெளியே வரும்.

சரி, எதைப் பார்ப்பது? திறந்த கணக்கில் மூன்று மாதம் கழித்தும் வரவு செலவு நடக்கிறதா, எந்தக் கிளையில் புகார் அதிகம், எங்கிருந்து ஊழியர்கள் அடிக்கடி விலகுகிறார்கள் என்று பாருங்கள். வெல்ஸ் ஃபார்கோ 2016 அக்டோபரில் கிளைகளின் விற்பனை டார்கெட்டையே எடுத்துவிட்டது. அடுத்த ஆண்டு முதல் வாடிக்கையாளர் சேவையையும், திறந்த கணக்கு உண்மையில் பயன்படுகிறதா என்பதையும் பார்த்துத்தான் ஊக்கத்தொகை.