'கல்' என்றால் நேற்றா, நாளையா?

ஈரோட்டுத் துணிக்கடைகளில் இந்தி போன் பேசப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் தடுக்கி விழுவது ஒரே கல்லில்தான். இந்தியில் 'கல்' என்றால் நேற்றும் உண்டு, நாளையும் உண்டு. அதை யாரும் மறப்பதில்லை. எது என்பதை வினைச்சொல்தான் காட்டிக்கொடுக்கும். 'ஆயேகா' என்றால் வருவான், ஆக நாளை. 'ஆயா தா' என்றால் வந்திருந்தான், ஆக நேற்று. இதில் தப்பு செய்கிறவர்கள் குறைவு, விட்டுவிடுகிறேன்.

வாக்கியக் கடைசியில் வரும் 'ஹை' மட்டும் காதில் விழுந்ததும் 'நேற்று' என்று முடிவுக்கு வருவது

இதுதான் இன்னும் எரிச்சலைக் கிளப்புகிறது. சூரத்திலிருந்து வாய்ஸ் மெசேஜ்: 'கல் மால் பேஜ்னா ஹை.' நாளை சரக்கு அனுப்ப வேண்டும். அதுவே 'கல் மால் பேஜா ஹை' என்றால் நேற்றே அனுப்பியாகிவிட்டது. நடுவில் ஒரு 'ன' ஒலிதான், பின்னால் தறி ஓடும் சத்தத்தில் அது எங்கே கேட்கும்? ஒரு பையன் இப்படித்தான் "நேத்தே அனுப்பிட்டாங்கண்ணா" என்று அடித்துச் சொல்ல, முதலாளி அதை நம்பி லாரி வந்து சேரும் நாளைக் கணக்குப் போட்டு, தையலுக்கு ஆள் சொல்லிவிட்டார். சரக்கு இரண்டு நாள் பிந்தி வந்தது, வந்த ஆட்களுக்குச் சும்மா உட்கார வைத்துக் கூலி. திரும்பக் கேட்டிருக்கலாமே என்றால், "கேட்டா மரியாதையா இருக்காதுன்னு நினைச்சேன்" என்கிறான்! இந்திக்காரர்களே தங்களுக்குள் 'கௌன்ஸி தாரீக்?' (எந்தத் தேதி?) என்று கேட்டுக்கொள்கிறார்கள், உனக்கென்னப்பா வெட்கம்? தேதியைக் கேள், கிழமையையும் சேர்த்துக் கேள். அப்புறம், 'கல் நிகல் ரஹா ஹை' என்பதும் 'ஹை'யில்தான் முடிகிறது, ஆனால் நாளை கிளம்புகிறது என்று அர்த்தம்.

பரஸோன்

முந்தாநாளும் அதுவே, நாளை மறுநாளும் அதுவே. தேதி கேளுங்கள்.

ஆஜ் கல்

இப்போதெல்லாம் என்று பொருள். ஆனால் பாக்கி கேட்கும்போது 'ஆஜ் கல் மே தே தூங்கா' என்றால் இன்றோ நாளையோ தருகிறேன் என்பது. அதை நம்பி மறுநாள் காலை பேங்க் கணக்கைத் திறந்து பார்க்காதீர்கள்.

மற்ற மொழியிலும் அப்படித்தான் என்று நினைப்பது

மகாராஷ்டிரத்தின் தறி ஊரான பிவண்டிக்காரர் மராத்தியில் 'கால்' என்று நீட்டிச் சொன்னால் அது நேற்று மட்டும்தான். நாளைக்கு 'உத்யா' என்று தனிச்சொல் வைத்திருக்கிறார்கள். குஜராத்தியில் 'கயீ காலே' போன நாள், 'ஆவ்தீ காலே' வருகிற நாள், இப்படி முழுசாகச் சொன்னால் குழப்பமே கிடையாது. ஆனால் அதே ஆட்கள் நம்மிடம் இந்தியில்தான் பேசுவார்கள், அங்கே மறுபடியும் 'கல்'தான்.