டேப்லெட்டுக்குக் கீபோர்டும் மவுஸும்: வாங்கிவிட்டு வருந்தும் இடங்கள்

கம்ப்யூட்டர் எதற்கு, ஒரு டேப்லெட்டும் கீபோர்டும் போதும் என்று முடிவெடுப்பவர்கள் இப்போது நிறைய. மொழிபெயர்ப்பு, மெய்ப்புப் பார்ப்பது என்று என் பிழைப்பே அந்தக் கூட்டணியில்தான் ஓடுகிறது என்பதால் தெரிந்தவர்கள் என்னிடம் யோசனை கேட்பார்கள். என்ன, முக்கால்வாசிப் பேர் கேட்பது பொருளை வாங்கிய பிறகு. அவர்கள் சொல்லும் கதைகளில் பாதி, நான் ஏற்கெனவே பட்டு முடித்தவை. சுவிட்ச் போடவில்லை, சார்ஜ் இல்லை மாதிரியான சங்கதிகளை இங்கே விட்டுவிடுகிறேன். அதையெல்லாம் யாராக இருந்தாலும் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். காசையும் பொறுமையையும் தின்கிறவற்றை மட்டும் பார்ப்போம்.

"வயர்லெஸ்" என்று பார்த்ததும் வாங்குவது

இதைப் பேச ஆரம்பித்தாலே எனக்கு எரிச்சல் வரும். அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

தூரத்து உறவில் பெரியப்பா ஒருவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர். தன் ஊர் ஏரியைப் பற்றியும், மடைமுறை வைத்துத் தண்ணீர் பங்கிட்ட பழைய ஏற்பாட்டைப் பற்றியும் எழுதவேண்டும் என்று ஆசை. சென்னைக்கு வந்தவர் ரிச்சி தெருவுக்குப் போய், டேப்லெட்டுக்கு வயர் இல்லாத கீபோர்டு வேண்டும் என்று கேட்டிருக்கிறார். கடையில் ஒரு கீபோர்டு–மவுஸ் ஜோடியை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். ஆயிரத்துச் சொச்சம். வீட்டுக்கு வந்து டேப்லெட்டில் ப்ளூடூத்தைத் திறந்து தேடுகிறார், தேடிக்கொண்டே இருக்கிறார். பக்கத்து வீட்டு டிவி வருகிறது, யாருடைய இயர்போனோ வருகிறது, கீபோர்டு மட்டும் வரவில்லை. "பீஸே கோளாறு போலிருக்குப்பா" என்று எனக்கு போன்.

போய்ப் பார்த்தால் கோளாறு ஒன்றுமில்லை. மவுஸைத் திருப்பி பேட்டரி மூடியைக் கழற்றினேன். உள்ளே, நகக்கண் அளவுக்கு ஒரு டாங்கிள் ஒளிந்துகொண்டிருந்தது.

வயர் இல்லாத கீபோர்டு இரண்டு சாதி. ஒன்று ப்ளூடூத், அது டேப்லெட்டுக்குள் ஏற்கெனவே இருக்கும் ரேடியோவோடு நேராகப் பேசும். இன்னொன்று டாங்கிள் வகை. தன்னோடு வந்த அந்தக் குட்டி ரிசீவரோடு மட்டும், கம்பெனிக்கென்று உள்ள தனி மொழியில் பேசும். ரிசீவர் செருகிய கருவிக்கு, யுஎஸ்பி வயரில் ஒரு கீபோர்டு மாட்டியிருப்பதாகத்தான் தெரியும். டாங்கிள் பெட்டியின் மேல் '2.4 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். ப்ளூடூத்தும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் ஓடுகிறது என்பதால், கொஞ்சம் விவரம் தெரிந்தவர்களே இங்கே ஏமாறுகிறார்கள். அலைவரிசை ஒன்று, பேச்சு வேறு. டேப்லெட்டின் ப்ளூடூத் பட்டியலில் அந்தக் கீபோர்டை விடிய விடியத் தேடினாலும் வராது.

கடைக்குப் போன் போட்டால், "ஓடிஜி போட்டா ஓடும் சார்" என்று பதில். ஓடும், அதில் பொய்யில்லை. டேப்லெட்டின் சார்ஜர் துளையில் யுஎஸ்பி பொருளை மாட்ட உதவும் டைப்-சி ஓடிஜி இணைப்பானை வாங்கி டாங்கிளைச் செருகினால் கீபோர்டும் மவுஸும் உடனே வேலை செய்யும். பிரச்சினை அதற்கு அப்புறம். பெரும்பாலான டேப்லெட்டுகளில் இருப்பது ஒரே ஒரு துளை. அதில் டாங்கிள் உட்கார்ந்துவிட்டால் சார்ஜரை எங்கே செருகுவது? பெரியப்பா மதியம் வரை எழுதுவார், பேட்டரி இறங்கும், டாங்கிளைப் பிடுங்கி சார்ஜ் போடுவார், அத்தோடு அன்றைய எழுத்து முடிந்தது. போதாததற்கு, பக்கவாட்டில் துருத்திக்கொண்டு நிற்கும் அந்த இணைப்பானை யாராவது தட்டிவிட்டால் அடி வாங்குவது டேப்லெட்டின் துளை. கீபோர்டு போனால் வேறு வாங்கலாம். துளை போனால் சர்வீஸ் சென்டர்தான்.

சரி, ஹப் வாங்கலாம் என்று அடுத்த செலவு. சார்ஜரையும் டாங்கிளையும் சேர்த்துச் செருகுகிற டைப்-சி ஹப். எல்லா டேப்லெட்டும் இதை ஏற்றுக்கொள்வதில்லை. விலை குறைந்தவற்றில் பல, ஒரு பொருளை இயக்கிக்கொண்டே சார்ஜும் வாங்கத் தெரியாதவை. ஏற்றுக்கொண்டாலும் ஒரு வேடிக்கை உண்டு. அதே ஹப்பில் யுஎஸ்பி 3.0 பென்டிரைவோ ஹார்டு டிஸ்க்கோ செருகினால் மவுஸ் தத்தித் தத்தி நகரும், கீபோர்டு நடுநடுவே எழுத்தை விழுங்கும். யுஎஸ்பி 3.0 இணைப்புகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இரைச்சலைக் கக்குகின்றன என்று இன்டெல் நிறுவனமே 2012இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. டாங்கிளை ஒரு சின்ன நீட்டிப்பு வயரில் மாட்டித் தள்ளி வைப்பதுதான் வழி. அதாவது, வயர் வேண்டாம் என்று வாங்கிய கீபோர்டுக்கு இப்போது ஓர் இணைப்பான், ஒரு ஹப், ஒரு வயர். ஆரம்பத்திலேயே ப்ளூடூத் கீபோர்டு வாங்கியிருந்தால் பாதி காசு மிச்சம்.

டாங்கிள் தொலைந்தால் கதை முடிந்தது என்பதையும் மனதில் வையுங்கள். மலிவு ஜோடிகளில் பெரும்பாலும் ஒரு கீபோர்டுக்கு ஒரு டாங்கிள்தான். வேறொன்றைக் கொண்டுவந்து சேர்த்துவைக்க முடியாது. பாதுகாப்பும் ஒரு கவலை: 2016இல் பாஸ்டில் என்ற நிறுவனத்தின் பாதுகாப்பு ஆய்வாளர்கள் 'மவுஸ்ஜாக்' என்ற ஓட்டையை வெளியிட்டார்கள். பல பெரிய கம்பெனிகளின் டாங்கிள்களுக்குள் தூரத்தில் இருந்தபடியே விசைத் தட்டல்களைத் திணிக்க முடிந்தது. மேசைக் கணினிக்கும் டிவி பெட்டிக்கும் டாங்கிள் நல்ல பொருள்தான், மறுக்கவில்லை. கையில் தூக்கிக்கொண்டு திரியும் டேப்லெட்டுக்கு அது பொருந்தாது.

கடையில் பார்க்கவேண்டியது ஒன்றுதான்: பெட்டியில் ப்ளூடூத் என்ற சொல்லோ அதன் சின்னமோ இருக்கிறதா? இரண்டு வழியிலும் இயங்குபவையும் வருகின்றன. அவற்றின் அடியில் மாற்றிக்கொள்ள ஒரு சுவிட்ச் இருக்கும். டேப்லெட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். கடையிலேயே இணைத்து ஒரு வரி அடித்துக் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் அடுத்த கடை.

குட்டி கீபோர்டும் தமிழ்99உம்

பையில் அடங்கும், மடக்கலாம், அழகாக இருக்கும். ஆங்கிலம் மட்டும் அடிப்பவர்களுக்குப் பாதகமில்லை. தமிழ்99 என்ற தமிழ் விசை அமைப்பில் அடிப்பவர்கள் உஷாராக இருக்கவேண்டும்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி உறுதியான அந்த அமைப்பு, முழு அளவுக் கீபோர்டை மனதில் வைத்துப் போடப்பட்டது. அரைப்புள்ளி விசையில் ந, அதற்குப் பக்கத்து மேற்கோள் விசையில் ய, இரண்டு சதுர அடைப்புக்குறிகளில் ச, ஞ, சாய்கோட்டில் ழ. இடம் மிச்சம் பிடிக்கும் கீபோர்டுகளில் முதலில் கை வைப்பது இந்த வலது ஓரத்து விசைகளில்தான். ஒன்றைப் பாதியாக்குவார்கள், ஒன்றைக் கீழ்வரிசைக்குத் தள்ளுவார்கள், சதுர அடைப்புக்குறியை எஃப்என் விசையோடு சேர்த்து அழுத்த வைப்பார்கள். விரல் பழகிய கணக்கில் 'செய்தி' என்று அடிக்கப் போனால் ச வருவதற்கே இரண்டு விசை வேண்டும். ஒரு பக்கம் அடிப்பதற்குள் மணிக்கட்டு வலிக்கும். வாங்குமுன் அந்த ஐந்து விசைகளும் தத்தம் இடத்தில், முழு அளவில் இருக்கின்றனவா என்று பாருங்கள். அஞ்சல் முறையில், ஆங்கில ஒலிப்படி அடிப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

திரையில் தமிழ் வந்தால் கீபோர்டிலும் வரும் என்று நம்புவது

ஐபேடில் வரும். தமிழ்99, அஞ்சல் இரண்டும் உள்ளேயே இருக்கின்றன. மொழிப்பட்டியலில் சேர்த்துவிட்டு கன்ட்ரோல்–ஸ்பேஸ் தட்டினால் மாறிக்கொள்ளும். ஆண்ட்ராய்டில் திரைக் கீபோர்டு செயலிக்கு ஒரு கணக்கு, வெளிக் கீபோர்டுக்கு வேறு கணக்கு. திரையில் அருமையாகத் தமிழ் தந்த செயலி, வெளிக் கீபோர்டைச் சேர்த்ததும் ஆங்கிலத்துக்குப் போய்விடலாம். வெளிக் கீபோர்டிலும் இயங்கும் என்று விளக்கத்தில் சொல்லியிருக்கும் செயலியாகப் பார்த்து, வழக்கமாக எழுதும் செயலிக்குள்ளேயே அதைச் சோதியுங்கள். இதைச் செய்து முடித்த பிறகு கீபோர்டு வாங்கினால் போதும்; நண்பருடையதை ஒரு மாலைக்கு இரவல் வாங்கிப் பார்ப்பதில் தப்பில்லை.

ஆறு இலக்கத்தைப் பார்த்துக்கொண்டு உட்காருவது

இணைக்கும்போது திரையில் எண் வந்தால், அதைக் கீபோர்டில் அடித்து என்டர் தட்டவேண்டும்.

ஆன் செய்தபடியே பையில் போடுவது

"டேப்லெட் கெட்டுப்போச்சு, தட்டினா எழுத்துப் பலகை வரமாட்டேங்குது" என்று ஒருவர் பதறியிருக்கிறார். கீபோர்டு எங்கே என்றேன். பையில். ஆனில் இருந்தது. ஏற்கெனவே ஒரு கீபோர்டு இணைந்திருக்கிறதே என்று டேப்லெட் திரைக் கீபோர்டை மறைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ப்ளூடூத் சாதாரணமாகப் பத்து மீட்டர் எட்டும். கீபோர்டு அடுத்த அறையில் இருந்தாலும் இதே கதைதான். ஆண்ட்ராய்டில் வெளிக் கீபோர்டு அமைப்புகளுக்குள் போய், திரைக் கீபோர்டையும் காட்டச் சொல்லிவிடலாம்.

அதைவிட மோசம், பையில் டிபன் பாக்ஸ் என்டர் விசையில் உட்கார்வது. பாதி அடித்த செய்தி, போகக்கூடாத குழுவுக்குப் போய்ச் சேரும். கீபோர்டின் பக்கவாட்டில் சுவிட்ச் வைத்திருப்பது இதற்காகத்தான்.

ஒன்று, இரண்டு, மூன்று

மூன்று கருவிகளோடு மாறி மாறி வேலை செய்யும் கீபோர்டில், எண் விசையைத் தட்டினால் கருவி மாறும். அழுத்திப் பிடித்தால் புது இணைப்புத் தேடப் போய்விடும். விளக்கு வேகமாகச் சிமிட்டினால் விரலை எடுங்கள். ஒரு எண்ணில் வேறு கருவியைச் சேர்த்துவிட்டால், பழைய டேப்லெட்டின் பட்டியலில் கீபோர்டின் பெயர் சும்மா நிற்கும், இணையாது. பெயரை நீக்கிவிட்டு முதலில் இருந்து சேர்க்கவேண்டும்.

கண்ணாடி மேசையில் மவுஸ்

சாதாரண ஆப்டிகல் மவுஸ் ஓடாது. ஒரு காகிதம் போடுங்கள்.

மாதக்கணக்கில் தொடாத கீபோர்டு

பேட்டரியைக் கழற்றி வையுங்கள். ஒழுகினால் உள்ளே இருக்கும் தகடு அரித்துவிடும்.

பழைய ஐபேடுக்கு மவுஸ் வாங்குவது

சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் மகன் புதிது வாங்கிக்கொண்டு பழைய ஐபேடை அப்பாவுக்கு அனுப்புவது நம் வீடுகளில் வழக்கம். அப்பா அதற்கு ஒரு ப்ளூடூத் மவுஸ் வாங்குவார். அம்பு வராது. ஆண்ட்ராய்டு 2011இல் வந்த 3.1 பதிப்பிலேயே மவுஸை ஏற்றுக்கொண்டது. ஆப்பிள் 2019இல் ஐபேட்ஓஎஸ் 13இல்தான் கதவைத் திறந்தது, அதுவும் மாற்றுத்திறனாளிகளுக்கான வசதியின் ஒரு பகுதியாக. 2020 மார்ச்சில் வந்த 13.4இல்தான் முழுதாக இடம் கொடுத்தது. முதல் ஐபேட் ஏர், மினி 2, மினி 3 ஆகியவை 12ஆம் பதிப்போடு நின்றுவிட்டன. அவற்றில் ப்ளூடூத் கீபோர்டு நன்றாகவே வேலை செய்யும், மவுஸ் செய்யாது. செட்டிங்ஸில் ஜெனரல், அதற்குள் அபௌட் போனால் பதிப்பு எண் தெரியும். 13.4க்குக் கீழே இருந்து, மேலே ஏற்றவும் வழியில்லை என்றால் கீபோர்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.