இந்தோனேசியாவின் பண்டா தீவுகளுக்குப் போகிறவர்கள் கவனிக்க

இந்தத் தீவுகள் அடங்கிய மலுக்கு பகுதியில் 1999-ல் வெடித்த மதக் கலவரத்துக்குப் பின் இந்தப் பக்கம் பயணிகள் வெகுவாகக் குறைந்தார்கள். இங்கே படகுகள் குறைவு. உங்கள் திட்டம் முழுவதும் அதைச் சுற்றியே அமைய வேண்டும்.

மலுக்குவின் தலைநகரான அம்போனுக்குப் பக்கத்திலுள்ள துலேஹூ துறைமுகத்திலிருந்து விரைவுப் படகு உண்டு. கடல் அமைதியாக இருந்தால் சுமார் 6 மணி நேரம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்கிழக்குக் காற்றில் அலை உயரும், படகு நின்றுவிடும். அப்போது பெல்னி என்ற அரசு நிறுவனத்தின் பயணிகள் கப்பல்தான் வழி, அதுவும் தினமும் வராது. ஊர் திரும்பும் விமானத்துக்கு முன் குறைந்தது 4 நாட்களைக் காலியாக விடுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான்.

ரூபியாவை அம்போனிலேயே எடுத்து, பாதியைச் சில்லறை நோட்டுகளாக மாற்றுங்கள். மாத்திரை, ஓ.ஆர்.எஸ். பொட்டலம், தண்ணீர் புகாத பை கட்டாயம்.